கேம்பர் வேனில் பயணம், வழியில் வேலை: புறப்படும் முன் பேசி முடிக்க வேண்டியவை

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேன் ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், வழியில் பண்ணையிலோ வீட்டிலோ சில மணி நேரம் வேலை செய்தால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த பலரும் விவரம் கேட்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஒரு நாட்டை நெடுஞ்சாலையிலிருந்து பார்ப்பது வேறு, அந்த நாட்டுக்காரருடன் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே பேசுவது வேறு. ஆனால் வேனுக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் விசா நிபந்தனைகளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள்.

“சம்பளம் வாங்கவில்லையே, அது எப்படி வேலையாகும்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பல நாடுகளின் சட்டப்படி சாப்பாடும் படுக்கையுமே கூலிதான். நியூசிலாந்தில் உழைப்புக்கு ஈடாகத் தங்குமிடம் பெறுவதும் வேலையாகவே கருதப்படும். சுற்றுலா விசாவில் அதைச் செய்யக் கூடாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும். ஆஸ்திரேலியாவில் விடுமுறைக்கால வேலை விசாவை இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்கப் பண்ணை வேலை காட்டுபவர்கள் கவனியுங்கள்: 2015 டிசம்பர் 1 முதல், சட்டப்படியான சம்பளம் பெற்ற நாட்கள் மட்டுமே செல்லும். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் எத்தனை மாதம் உழைத்திருந்தாலும் அது கணக்கில் வராது. அதே வகையைச் சேர்ந்த ‘462’ விசாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு உள்ள 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களும் 2024 முதல் குலுக்கல் முறையில் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 1,000 இடங்கள். வந்த புதிதில் விசா நிபந்தனையை மீறிய பதிவு ஒன்று விழுந்தால், பின்னால் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால், உங்கள் விசாவின் பெயரைச் சொல்லி அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1971-இல் இங்கிலாந்தில் சூ காப்பார்ட் என்ற பெண்மணி, லண்டன்வாசிகள் வார இறுதியில் இயற்கை விவசாயப் பண்ணைக்குப் போய் வேலை செய்யட்டும் என்று தொடங்கியதுதான் ‘வூஃப்’. இன்று வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ் போன்ற தளங்களில் பண்ணை மட்டுமல்ல. வீடு பழுதுபார்த்தல், குதிரை பராமரிப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல் எல்லாம் உண்டு. நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை, வாரத்தில் ஐந்து நாள், அதற்கு ஈடாக உணவும் அறையும் என்பது பொதுவான வழக்கம்.

வேனில் போகிறவர்கள் இங்கேதான் பேரம் பேச வேண்டும், பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் படுக்கையைக் கையோடு கொண்டுபோகிறீர்கள். வீட்டுக்காரர் உங்களுக்காக ஓர் அறையை ஒழிக்கவும் இல்லை, போர்வை துவைக்கவும் இல்லை. அவர் தருவது வேன் நிறுத்தும் இடம், தண்ணீர், மின்சாரம், சாப்பாடு, குளியலறை. அறையில் தங்குகிறவர் செய்யும் அதே மணிக்கணக்கை நீங்களும் ஏன் செய்ய வேண்டும்? நாளுக்கு மூன்று மணி நேரம், அல்லது வாரத்தில் மூன்றே நாள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். சாப்பாடும் வேண்டாம், நானே சமைத்துக்கொள்கிறேன் என்றால் இன்னும் குறைய வேண்டும்.

போகும் முன் அனுப்பும் செய்தியில் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டுவிடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி, எந்தெந்த நாள் ஓய்வு, சாப்பாட்டில் எது உங்களுக்கு ஆகாது, குளியலறையை எந்த நேரமும் பயன்படுத்தலாமா, வேன் நிற்கும் இடம் கெட்டித் தரையா புல்லா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஓர் இரவு மழை பெய்தால் புல்தரையில் சக்கரம் புதைந்து, டிராக்டர் வந்து இழுக்கும்வரை நீங்கள் நகர முடியாது. முதலில் மூன்று நாள் பார்ப்போம், இரு தரப்புக்கும் பிடித்தால் தொடரலாம் என்றே ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இருக்கிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். விடுதி, உணவகம் போன்ற வணிக இடங்கள் சம்பள ஆளுக்குப் பதிலாக உங்களை நிறுத்தப் பார்த்தால் விலகிவிடுங்கள். அங்கே சம்பளம் கேட்பதுதான் முறை. சாப்பாட்டுக்கு உழைத்தால் இன்னொருவரின் பிழைப்பில் கை வைக்கிறோம்.

போய்ச் சேர்ந்ததும் சில காரியங்களில் கண்டிப்பாக இருங்கள். வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நீட்டிப்புக் கம்பி உருளையில் சுற்றியபடி இருந்தால், ஹீட்டர் ஓடும்போது சூடேறி உருகித் தீப்பிடிக்கக்கூடும். எவ்வளவு தூரம் தேவையாக இருந்தாலும் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் விட்டபிறகே பிளக்கைச் செருகுங்கள். வேன் கழிப்பறையின் கொள்கலனை வீட்டு மலக்குழியில் கேட்காமல் ஊற்றக் கூடாது. அதில் போடும் ரசாயனம் குழியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடக்கூடும். அதற்கென்றே கேம்ப்சைட்டுகளில் இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குப் போகும் முன் காலணியையும் சக்கரத்தையும் கழுவுங்கள். கால்நடை நோயும் பயிர் நோயும் சேற்றோடு பயணம் செய்யும். கழுவிய காலணியோடு வந்திறங்கும் ஆளைப் பண்ணைக்காரர் வேறு மாதிரி மதிப்பார், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேனுக்குள் உயிர் பறிப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சமையல் அடுப்பை எரியவிட்டுக் கதவடைத்துத் தூங்காதீர்கள். கரி அடுப்பு அணைந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கொண்டுவராதீர்கள். எச்சரிக்கைக் கருவி கைக்கடக்கமானது, விலையும் அதிகமில்லை. படுக்கைக்கு அருகே ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

காப்பீட்டில் இரண்டு ஓட்டைகள். வண்டிக் காப்பீடு, வேனிலேயே குடியிருப்பதை ஏற்காமல் போகலாம். நிறுவனத்திடம் உண்மையைச் சொல்லி அதற்குரிய பாலிசி கேளுங்கள். பயணக் காப்பீடு, ஏணி ஏறுவது, மரமறுக்கும் இயந்திரம் பிடிப்பது போன்ற உடலுழைப்பை விலக்கி வைத்திருக்கலாம். விலக்கியிருந்தால் அந்த வேலையை மறுத்துவிடுங்கள்.

முகவரி விஷயமும் புதிதாக வந்தவர்களைத்தான் அதிகம் அலைக்கழிக்கிறது. வங்கி, வரித்துறை, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு எல்லாவற்றுக்கும் கடிதம் வந்து சேரும் நிலையான இடம் வேண்டும். நம்பகமான உறவினரிடமோ நண்பரிடமோ சம்மதம் பெற்று அந்த முகவரியைக் கொடுங்கள். வரும் கடிதங்களைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகவரி மாறினால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விசாவிலேயே நிபந்தனை இருந்தால் அதையும் பாருங்கள்.

தனியாகப் போகும் பெண்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அறையில் தங்குவதைவிட வேன் உங்களுக்குப் பாதுகாப்பு, ஏனென்றால் சாவி உங்கள் கையில். முதல் நாளே வேனின் முகம் சாலையைப் பார்க்கும்படி, பின்னால் வேறு வண்டி வந்து மறித்தாலும் முன்னே போக வழியிருக்கும்படி நிறுத்துங்கள். டாங்கியில் எப்போதும் பாதிக்கு மேல் எரிபொருள் இருக்கட்டும். கடவுச்சீட்டை யார் கேட்டாலும் ஒப்படைக்காதீர்கள்; நகல் போதும். இருக்கும் இடத்தைத் தினமும் ஒருவருக்குத் தெரிவியுங்கள். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் சொல்லவோ விடியும்வரை காத்திருக்கவோ வேண்டாம். புறப்பட்டு, ஆள் நடமாட்டமுள்ள கேம்ப்சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் செய்தி அனுப்பிக்கொள்ளலாம்.