பழைய டிடிஎச் டிஷ்ஷில் ரேடியோ தொலைநோக்கி: பள்ளியில் செய்ய முடியுமா?

கரும்பலகை:
பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஸ்டோர் ரூமில் 60 செ.மீ. டிடிஎச் டிஷ் ஒன்று எல்என்பியோடு (டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நிற்கும் சிக்னல் வாங்கும் பெட்டி) சும்மா கிடக்கிறது. இதை வைத்துப் பிள்ளைகளோடு ரேடியோ வானியல் ஏதாவது செய்யலாமா? யூடியூபில் எல்லாரும் நேராக விண்வெளி ஹைட்ரஜன் வீசும் ரேடியோ அலையைப் பிடிக்கப் போய்விடுகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

மொட்டைமாடி:
தாராளமாக. சூரியனில் ஆரம்பியுங்கள். டிஷ் மாட்ட வருபவர் கையில் முள் ஆடுகிற சின்ன மீட்டர் வைத்திருப்பாரே, சாட்டிலைட் ஃபைண்டர், சில நூறு ரூபாய்தான். எல்என்பிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில் மாட்டினால் மின்சாரம் பாக்ஸிலிருந்தே வந்துவிடும். டிஷ்ஷை வெறும் வானத்துக்குத் திருப்பி, மீட்டரின் சத்தம் அடங்கும்வரை குமிழைக் குறைத்துவிட்டு, ஒரு பையனை எல்என்பி முன்னால் கையை நீட்டச் சொல்லுங்கள், முள் எகிறும். அவன் கையும் ரேடியோ அலை வீசுகிறது என்று தெரிந்ததும் வகுப்பே கலகலத்துவிடும்.

வீட்டு டிஷ் முகம் காட்டும் திசையில் பார்க்காது, அதைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில் பார்க்கும். எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் அடிவிளிம்பின் நடுவில் விழுந்தால் சூரியன் சிக்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கொஞ்சம் மேற்கே திருப்பி வைத்துவிட்டுத் தொடாதீர்கள். சூரியன் தானாகக் குறுக்கே போகும், நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளைக் குறித்து வரைபடம் போட்டால் ஒரு மேடு வரும். அரை டிகிரி சூரியன், 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது, ஆனால் மேடு பத்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறதே ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் அளந்தது சூரியனை இல்லை, டிஷ்ஷின் பார்வை அகலத்தை.

சால்டரிங்:
அழகுக்கென்று டிஷ்ஷில் பளபள ஃபாயில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், வெயில் குவிந்து எல்என்பி மூடி உருகிவிடும்.

ஹைட்ரஜனையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். 1951ல் ஹார்வர்டில் யூவன், பர்செல் என்ற இயற்பியலாளர்கள் அந்த அலையைப் பிடித்ததே ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒட்டுப்பலகை ஹார்னில்தான் (புனல் வடிவ ஆன்டெனா), மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் கொட்டுமாம். இன்றைக்குத் தகர ஹார்ன், ஆர்டிஎல்-எஸ்டிஆர் (லேப்டாப்பில் செருகும் ரேடியோ ரிசீவர்), ஹைட்ரஜன் அலையின் 1420 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் உள்ள எல்என்ஏ (மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) போதும். ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம், செல்போன் டவர் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். மேகமூட்டத்திலும் பட்டப்பகலிலும் பால்வீதியின் ஹைட்ரஜன் கிடைக்கும்.

மொட்டைமாடி:
சரிதான், ஆனால் அது ஆயிரம் ரூபாயில் நடக்காது. தவிர, பின்வரிசைப் பிள்ளைக்கு லேப்டாப் திரை மட்டும்தான் தெரியும். முள்தான் முதலில்.

நீலகிரி:
சூரியன் நகர்வது புரிந்த பிறகு ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு அழைத்துப் போங்கள், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு கட்டி 1970ல் இயங்கத் தொடங்கியது, 530 மீட்டர் நீளம். மலைச்சரிவு 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதுவே, அதனால் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணை. அந்த ஒரே அச்சில் சுழற்றினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ரேடியோ அலை வீசும் ஒரு வான்பொருளைப் பின்தொடரலாம்.

கரும்பலகை:
மீட்டர் வாங்கிவிடுகிறேன். மாடிக்கு மேற்கே தென்னை மரம் மறைக்குமே?

மொட்டைமாடி:
காலையில் எடுங்கள். தென்னையையும் ஒருமுறை காட்டுங்கள், மீட்டருக்கு அது வானத்தைவிடச் சூடாகத் தெரியும்.