எல்லாரும் வரலாம் என்கிறோம். திருவிருந்துக்கும் பொறுப்புக்கும் எல்லை எங்கே?

கடுகுவிதை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை ஒழுங்கு விதிகளைத் திருத்தி எழுதும் வேலை நடக்கிறது. "யாரும் வரலாம்" என்று வாசலில் பலகை இருக்கிறது. பாவத்தைப் பற்றிப் பிரசங்கமும் நடக்கிறது. சிக்கல் இரண்டுக்கும் நடுவில்தான். கலியாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்கள், விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்தவர்கள், குடியை விட முடியாதவர்கள் ஆராதனைக்கு வருகிறார்கள். இவர்களுக்குத் திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்வது) உண்டா? பிள்ளைக்கு ஞானஸ்நானம்? கொயரில் பாடலாமா? போதகர் மாறினால் பதிலும் மாறிவிடுகிறது. மற்ற சபைகளின் எழுத்து விதி என்ன, எங்கே சறுக்குகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "அன்பு இருந்தால் போதும்", "கண்டித்தால் திருந்துவார்கள்" என்ற அளவில் நிறுத்த வேண்டாம்.

ஒலிவமரம்:
முதலில் நான்கு காரியங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: ஆராதனையில் உட்காருவது, உறுப்பினர் பதிவேட்டில் பெயர் வருவது, திருவிருந்து எடுப்பது, பொறுப்பில் இருப்பது. சண்டைகளில் பெரும்பகுதி இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டி முடிவெடுப்பதால் வருகிறது.

உட்காருவதற்கு நிபந்தனையே கூடாது. விசுவாசமில்லாதவர் ஆராதனைக்குள் வருவார் என்று வைத்துக்கொண்டுதான் பவுல் 1 கொரிந்தியர் 14-ஐ எழுதுகிறார். அதே நிருபம் 5-ம் அதிகாரத்தில், புறம்பே இருப்பவர்களைத் தீர்ப்பது என் வேலையல்ல என்கிறார். ஒழுங்கு நடவடிக்கை என்பது வாக்குக் கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டவருக்கு மட்டும். மூன்று வாரமாக வரும் புதியவரைக் கூப்பிட்டு அவர் வீட்டு நிலவரத்தை விசாரிக்கும் மூப்பர், தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறார்.

கொயர் எந்தப் பக்கம் என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். என் பார்வையில், கூட்டத்தோடு பாடுவது ஆராதனையின் பகுதி. பாடலை நடத்துவது, ஞாயிறு பள்ளியில் கற்பிப்பது, காணிக்கைக் கணக்கைக் கையாள்வது பொறுப்பு. பொறுப்புக்கு 1 தீமோத்தேயு 3-ன் அளவுகோல் வரும். அதைக் கொயரில் சேருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பண்டிகைக்கு முந்தின வாரம் ஒருவரை இறக்கினால் அது போதனை ஆகாது, அவமானம்.

திருவிருந்துக்கு, ஆங்கிலிக்கன் சபையின் 1662 பொது ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கைப் பாருங்கள். ஊரறிய தீய வாழ்க்கை நடத்தி, சபையாருக்கு இடறலானவரைக் குருவானவர் தனியே அழைத்து, மனந்திரும்பியதைக் காட்டும்வரை வர வேண்டாம் என்று புத்தி சொல்ல வேண்டும். ஒருவரோடொருவர் பகை வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி என்று அடுத்த பத்தியே சொல்கிறது. ஒருவர் மன்னிக்கத் தயார், மற்றவர் மறுக்கிறார் என்றால் தயாராக இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், பிடிவாதக்காரருக்குக் கூடாது. பங்காளிச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போடும் சபைகளில் இந்தப் பத்தியை யாரும் வாசிப்பதில்லை. கடைசியாக ஒரு கட்டுப்பாடு: யாரையாவது மறுத்தால் குருவானவர் 14 நாளுக்குள் பேராயருக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். தனிமனிதர் கையில் இந்த அதிகாரத்தை விடக்கூடாது என்பதற்கான பூட்டு அது.

பூட்டு ஏன் தேவை என்பதற்கு, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய குருவானவர் ஜான் வெஸ்லியே சாட்சி. 1737-ல் ஜார்ஜியாவின் சவானாவில், தான் மணக்க நினைத்திருந்து பின்பு வேறொருவரை மணந்த பெண்ணுக்குத் திருவிருந்து மறுத்தார். முன்கூட்டியே பெயர் கொடுக்கவில்லை என்று விதியைத்தான் காட்டினார். ஆனால் மறுத்தவர் யார் என்பதைத்தான் ஊர் பார்த்தது. கணவர் 1,000 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். வெஸ்லி அந்த டிசம்பரிலேயே காலனியை விட்டுப் புறப்பட்டார். சம்பந்தப்பட்டவரோடு உறவோ பகையோ உள்ளவர் அவர்மீதான ஒழுங்கு விசாரணையைத் தொடவே கூடாது என்று ஒரு வரி உங்கள் விதியில் இருக்கட்டும்.

பங்குவாசி:
கத்தோலிக்கப் பக்கத்தைச் சொல்கிறேன். 1983 திருச்சபைச் சட்டத்தில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து வரும். 916: கனமான பாவம் இருப்பதாகத் தன் மனச்சாட்சி சொன்னால், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல் நற்கருணை (நீங்கள் சொல்லும் திருவிருந்து) வாங்கக்கூடாது. இது வாங்குபவரின் கடமை. 915: கொடுப்பவரின் கடமை. சபை விலக்கம் போன்ற தண்டனை விதிக்கப்படாத ஒருவருக்கு மறுக்க மூன்று நிபந்தனையும் சேர்ந்திருக்க வேண்டும்: பாவம் கனமானது, வெளிப்படையானது, சொல்லியும் பிடிவாதமாகத் தொடர்வது. ஒன்று குறைந்தாலும் மறுக்க இடமில்லை. அதனால் "கேள்விப்பட்டேன்" என்பதை வைத்து வரிசையில் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து அறவே முடியாது. அந்த இரகசிய முத்திரையை நேரடியாக உடைக்கும் குருவுக்குத் தானாகவே சபை விலக்கம் வந்துவிடும்.

மறுமணம் செய்தவர்களை "விலக்கப்பட்டவர்கள்" என்று பலர் நினைத்து ஒதுங்குகிறார்கள். அது தவறு. அவர்கள் திருப்பலிக்கு வரலாம், வர வேண்டும். முதல் திருமணம் செல்லுபடியானதா என்று மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. 2015-ல் பிரான்சிஸ் திருத்தந்தை அந்த நடைமுறையைச் சுருக்கி, இரண்டாவது தீர்ப்பாயமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார். 2016-ல் அவர் வெளியிட்ட குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரையின் 351-வது அடிக்குறிப்பு, சில சூழ்நிலைகளில் அருளடையாளங்களின் உதவியும் இருக்கலாம் என்கிறது. மறைமாவட்டங்கள் அதை ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தவில்லை, அது இன்றும் சர்ச்சைதான்.

குழந்தையின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) விஷயத்தில் அதே சட்டத்தின் 868 தெளிவு. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும். அது அறவே இல்லையென்றால் தள்ளிப்போடலாம், காரணத்தைச் சொல்லி. பெற்றோர் மணமாகாதவர்கள் என்பது மட்டும் தடை ஆகாது. தாயைத் தண்டிக்கப் பிள்ளையின் திருமுழுக்கைப் பிடித்துவைக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

மூன்றாம்வரிசை:
கடுகுவிதை, உங்கள் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ஜோடி, மறுமணம், குடி. வரதட்சணை வாங்கினவர் எங்கே? சம்பளம் அமுக்கும் முதலாளி எங்கே? 1 கொரிந்தியர் 5:11-ல் விபசாரக்காரனுக்கு அடுத்த பெயரே பொருளாசைக்காரன்; பிறகு உதாசினன் (பழித்துப் பேசுபவன்), வெறியன் (குடிகாரன்), கொள்ளைக்காரன் என்று போகிறது. படுக்கையறைப் பாவத்துக்கு மட்டும் விதி எழுதினால், ஜனங்கள் அதைப் பரிசுத்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆள் பார்த்து அடிக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்ச் சபைகளுக்கு இதில் பழைய கணக்கு இருக்கிறது. ஆராதனையில் சாதிவாரியாக உட்காருவதும், திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்பதும் பல தலைமுறை சகித்துக்கொள்ளப்பட்டது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுதாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே போனார்கள். ஆள் குறையும் என்று தெரிந்தும் அந்த விதி வேண்டியிருந்தது. அங்கே எல்லாரையும் வரவேற்க வேண்டுமானால் ஒரு பாவத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தே ஆக வேண்டியிருந்தது.

கடுகுவிதை:
மூன்றாம்வரிசை சொன்னது சரி, பட்டியலை விரிவாக்குகிறோம். இன்னும் இரண்டு: விசாரணை நடக்கும்போதே ஒருவர் விலகல் கடிதம் கொடுத்தால்? தடை போட்டால் எவ்வளவு காலம்?

ஒலிவமரம்:
கடிதம் வந்த தேதியோடு கோப்பை மூடுங்கள். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநில உச்ச நீதிமன்றம் 1989-ல் இதைத்தான் பிரித்துப் பார்த்தது: உறுப்பினராக இருந்தவரை சபை எடுத்த நடவடிக்கைக்குப் பாதுகாப்பு உண்டு, விலகிய பிறகு அவருடைய பாவத்தைச் சபைமுன் அறிவித்ததற்குக் கிடையாது. நம் சட்டம் வேறு என்றாலும் நியாயம் பொதுவானது.

மத்தேயு 18-ன் படிகளைத் தாண்டாதீர்கள்: முதலில் தனிமையில், பிறகு இரண்டொருவர், பிறகுதான் சபை. முதல் சந்திப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் "ஜெபக் குறிப்பு" என்று பெயரோடு போடுவது இன்றைக்கு நடக்கும் மிகக் கேடான மீறல். மூப்பர்மேல் குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும், 1 தீமோத்தேயு 5:19. ஆனால் வன்முறை, பிள்ளைகள்மீதான பாலியல் குற்றம் எதையும் இந்தப் படிகளுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். பாதிக்கப்பட்டவரை, போய்த் தனிமையில் பேசு என்று அனுப்புவது கொடுமை.

தடைக் காலத்துக்கு, பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தைப் பாருங்கள். 325-ல், கட்டாயம் எதுவும் இல்லாமலே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்கு 3 வருஷம் கேட்போர் வரிசை (வேதவாசிப்பும் பிரசங்கமும் கேட்க மட்டும்), 7 வருஷம் பணிவோர் வரிசை (தாழ விழுந்து மனந்திரும்புதலைக் காட்டுவோர்), 2 வருஷம் திருவிருந்து இல்லாமல் ஜெபத்தில் பங்கு என்று வகுத்தார்கள். கடுமைதான், ஆனால் முடிவு தெரிந்திருந்தது. உண்மையான மனந்திரும்புதல் தெரிந்தால் பேராயர் தளர்த்தவும், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மறுக்காமல் கொடுக்கவும் அடுத்தடுத்த விதிகள் உண்டு. நம் சபைகளில் ஆறு மாதம் என்று சொல்லித் தடை போட்டு, எடுக்க மறந்துவிடுகிறார்கள். "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" என்று 2 கொரிந்தியர் 2:7 பயப்படுவது இதற்குத்தான். தடைக் கடிதத்திலேயே மறுபரிசீலனைத் தேதி, இடையில் அவரைச் சந்திக்கும் மூப்பர் பெயர் இரண்டும் எழுதுங்கள். அந்தத் தேதியில் கமிட்டி கூடாவிட்டால் தடை தானாக நீங்கும் என்றும் சேர்த்துவிடுங்கள்.