கோய் மீன் தொட்டிக்கு மடை எங்க வைக்க?

செங்கோட்டை வாழைத்தோப்பு:
வீட்டுக்குப் பின்னால 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்துல கான்கிரீட் தொட்டி கட்டி எட்டு மாசம் ஆச்சு. ஒன்பது கோய், அதான் அழகுக்கு வளர்க்கிற கலர் கெண்டை, கிடக்கு. ஒரு மூலையில சப்மெர்சிபிள் பம்ப், அட்டைப்பெட்டியில மணிக்கு 10,000 லிட்டர்னு போட்டிருக்கு. தண்ணி மேல ஏறி, ஸ்பாஞ்சும் கல்லும் போட்ட நீல டிரம்முல விழுந்து, அதே மூலையில திரும்ப இறங்குது.

ஆனா தொட்டி நடுவுல பாய் விரிச்ச மாதிரி கருப்புச் சேறு. நேத்து வேப்பிலை ரெண்டு போட்டுப் பார்த்தேன். பம்ப்கிட்ட போட்டது சுத்திச் சுத்தி வருது, எதிர்மூலையில போட்டது அரை மணி நேரமா அசையலை. ஜூன் மாசச் சாரல்ல தொட்டி நிரம்பி வழிஞ்சு ஒரு மீன் வாழைக்குள்ள போய்ச் செத்துக் கிடந்தது வேற கதை. பம்ப் வித்தவர் மணிக்கு 20,000 லிட்டர் பம்பா வாங்குங்கிறார். வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்பு:
வாங்காதீங்கண்ணா. உங்க ஊர்க்குளத்தைப் போய்ப் பாருங்க. அடியில தண்ணி திறந்து விட மடை, மேல நிரம்புனது வழிஞ்சு போக மறுகால், ரெண்டும் இல்லாம எவனாச்சும் குளம் வெட்டுவானா? நீங்க ரெண்டும் இல்லாம வெட்டிட்டீங்க. நானும் அப்படித்தானுங்க ஆரம்பிச்சேன்.

உங்க தொட்டி கிட்டத்தட்ட 10,900 லிட்டர். மொத்தத் தண்ணியும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஃபில்டர் வழியா வந்தாப் போதும். பெட்டியில போட்டிருக்கிற கணக்கு தண்ணி மேல ஏறாம ஓடறப்ப உள்ளது. ஏற ஏறக் குறையும். 20 லிட்டர் வாளியைத் திரும்பி வர்ற பைப்புல பிடிங்க. 12 செகண்டுல நிரம்புனா மணிக்கு 6,000.

அதை விட பெரிய சங்கடம், பம்ப் மீன் சாணத்தை இழுத்து அரைச்சு மாவாக்கிடும். மாவானதை ஸ்பாஞ்சு பிடிக்காது. அழுக்கு முழுசா இருக்கிறப்பவே அடியில இருந்து வெளியேறணும். தரை நடுவுல 4 இஞ்ச் வாய், அதுக்கு மேல கவுத்த தட்டு மாதிரி ஒரு மூடி, சுத்தி ஒரு இஞ்ச் சந்து. பைப் வெளியில ஒரு அறைக்குப் போகும். அந்த அறையில தண்ணி மட்டமும் தொட்டி மட்டமும் ஒண்ணு. பம்ப் இருக்க வேண்டிய இடம் அங்கதான். அது இழுக்க அறையில மட்டம் கொஞ்சம் இறங்கும், தொட்டித் தண்ணி தானா அடிவழியா ஓடி வரும். கனமான அழுக்கு அறையிலேயே படிஞ்சிரும். அறை அடியில ஒரு வால்வு வச்சு தெனமும் அரை நிமிஷம் திறந்தா, என்ர தென்னைக்கு உரம்.

நான் காசு மிச்சம் பிடிக்கப் போய் 2 இஞ்ச் பைப்பும், 90 டிகிரில திரும்பற எல்போ ரெண்டும் போட்டேன். மூணாம் மாசம் அடைச்சுது. நீளமான கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தும் வரலை, தரையை உடைச்சோம். எல்போ வேண்டாங்க. திரும்பற இடத்துல 45 டிகிரி பெண்டு ரெண்டு போடுங்க.

மார்த்தாண்டம் மீன்கார அக்கா:
தம்பி, கட்டின தரையை உடைக்காண்டாம். பக்கச்சுவர்ல தரைமட்டத்துல கோர் கட்டிங் (மெஷின்ல வட்டமா ஓட்டை) போட்டு, 4 இஞ்ச் பைப்பை உள்ளே தரை மேலேயே நடு வரை படுக்க வச்சாப் போரும். பாக்க அழகா இருக்காது, மீனுக்கு என்ன?

டிரம்முல இருந்து திரும்பி வர்றதை ரெண்டா பிரிச்சு எதிரெதிர் மூலையில விடு. ரெண்டும் சுவரை ஒட்டி ஒரே சுத்தா அடிக்கணும். டம்ளர்ல டீயைக் கலக்கினா தூள் நடுவுக்கு வாறது போல அழுக்கு நடுவுக்கு வரும். மறுகாலுக்கு மேல்மட்டத்துல 4 இஞ்ச் பைப், வாயில வலை. சாரல் முழுக்க அந்த வலையை தினம் துடைக்கணும், ஒரு இலை போரும் அடைக்க.

செங்கோட்டை வாழைத்தோப்பு:
வாளி நிரம்ப 19 செகண்டு! மணிக்கு 3,800 கூட தேறலை. கோர் கட்டிங்காரர் ஞாயிறு வாறார். அதுவரைக்கும் மீனை எங்கக்கா போட?

மார்த்தாண்டம் மீன்கார அக்கா:
1,000 லிட்டர் டேங்கு ரெண்டுல பழைய தண்ணியையே நிரப்பி மீனைப் பிரிச்சு விடு, ஏர் பம்ப் ராத்திரியும் ஓடணும், இன்வெர்ட்டர்ல கொடு. தீனி போடாதே. ஸ்பாஞ்சை குளோரின் கலந்த பைப்புத் தண்ணியில அலசிராதே, ஸ்பாஞ்சுல இருக்க கிருமிதான் மீன் கழிவுல வாற அம்மோனியா விஷத்தைத் தின்னுது. ஓட்டையைச் சுத்திப் பூசுன சிமெண்ட் காஞ்சதும் ரெண்டு மூணு தடவை தண்ணி நிரப்பி இறக்கு, சுண்ணாம்பு போகட்டும். டேங்கு மேல வலை கட்டு. மீன் வெளிய சாடும்.