1588இல் ஜெயித்த இங்கிலாந்து 1607 வரை என்ன செய்தது?

தேர்வுப்பறவை:
யு.பி.எஸ்.சி.க்கு உலக வரலாறு படிக்கிறேன். என் குறிப்பில் உள்ளது இதுதான்: 1588இல் படையெடுத்து வந்த ஸ்பெயினின் போர்க்கப்பல் படையான ஆர்மடாவை இங்கிலாந்து தோற்கடித்தது, கடல் அதன் கைக்கு வந்தது, காலனிகள் தொடங்கின. ஆனால் அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலேயக் குடியிருப்பான ஜேம்ஸ்டவுன் 1607இல்தானே வருகிறது? நடுவில் 19 வருஷம் என்ன ஆயிற்று?

பாய்மரம்:
இங்கிலாந்து எங்கே ஜெயித்தது? புயல் ஜெயித்தது. ஏறக்குறைய 130 கப்பல்கள் வந்தன, சண்டையில் போனவை சொற்பம். இழந்தவற்றில் பல, திரும்பும் வழியில் அயர்லாந்துக் கரையில் உடைந்தவை.

பழைய மாலுமி:
புயலுக்கு முன்பே காரியம் கெட்டுவிட்டது. ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) இருந்த ஸ்பெயினின் தளபதி பார்மா கோமகனின் படை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து போக ஆர்மடா காவலாகப் போக வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் பெரிய கப்பல்கள் ஒதுங்க அங்கே ஸ்பெயினிடம் ஆழமான துறைமுகம் இல்லை. ஆழமற்ற கரையோரத்தில் ஸ்பெயினை எதிர்த்த டச்சுக்காரர்களின் படகுகள் மறித்து நின்றன. சரக்கு தயாரா என்று தெரியாமல் கப்பலை வரச் சொல்லும் முதலாளிகளிடம் வேலை பார்த்தவன் நான், இது எங்கே போய் முடியும் என்று தெரியும். பிரான்ஸின் கலே கரையில் காத்துக் கிடந்த கப்பல்கள் மீது ஆங்கிலேயர் தீ வைத்த 8 கப்பல்களை ஏவினார்கள். பல கப்பல்கள் நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு ஓடின. அயர்லாந்துக் கரையில் காற்று தள்ளியபோது போட நங்கூரம் வேண்டாமா?

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அந்த 19இல் 16 வருஷம் போர்தான். 1589இல் ஆங்கிலேயத் தளபதிகள் டிரேக்கும் நாரிஸும் ஸ்பெயினின் அரசர் கையில் இருந்த லிஸ்பனைப் பிடிக்கப் போய், ஆயிரக்கணக்கானோரை நோய்க்குப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். இதைப் பாடப்புத்தகம் கண்டுகொள்வதே இல்லை. அமெரிக்காவின் ரோனோக் தீவில் 1587இல் ஆட்களைக் குடியேற்றிவிட்டு, உதவி கேட்டு ஊர் திரும்பினார் ஆளுநர் ஜான் வைட். ஆர்மடா பயத்தில் கப்பல்களை நாட்டைவிட்டு விடவில்லை. அவர் மறுபடி அங்கே போய்ச் சேர்ந்தது 1590இல். ஒருவரும் இல்லை. ஆர்மடாவால் காலனி பிறந்தது என்கிறார்கள், எனக்கென்னவோ அது ஒரு காலனியை விழுங்கியதுதான் தெரிகிறது.

அப்புறம் பணம். அரசு அனுமதியோடு எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்கலாம் என்கிறபோது காட்டைத் திருத்த யார் போவார்? 1592இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே இந்தியாவிலிருந்து மிளகும் கிராம்பும் பட்டும் ஏற்றி வந்த 'மாத்ரே தே தேயுஸ்' சிக்கியது. போர்ச்சுகீசியக் கப்பல், ஆனால் அப்போது போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினின் அரசர்தான். அதை டார்ட்மவுத் துறைமுகத்துக்கு ஓட்டி வந்தவர் கிறிஸ்டோபர் நியூபோர்ட். கியூபா அருகே இன்னொரு கொள்ளையில் ஒரு கையை இழந்தவர். இங்கிலாந்தும் ஸ்பெயினும் போரை முடித்துக்கொண்ட 1604 லண்டன் ஒப்பந்தத்தோடு அந்தக் கொள்ளைத் தொழிலின் கதவு மூடியது. ஜேம்ஸ்டவுனுக்கு ஆட்களை ஏற்றிப் போன 3 கப்பல்களுக்கும் தலைவர் யார் தெரியுமா? அதே நியூபோர்ட்.

தேர்வுப்பறவை:
நன்றி சார். அப்படியானால் 1588ஐ அடித்துவிட்டு 1604 என்று எழுதலாமா?

பழைய மாலுமி:
இரண்டையும் எழுதுங்கள். 1604இல் ஸ்பெயின், ஜேம்ஸ்டவுன் இருக்கும் வர்ஜீனியாவை ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜேம்ஸ்டவுனை அழித்துவிடுங்கள் என்று லண்டனிலிருந்த ஸ்பானியத் தூதர் சூனிகா மூன்றாம் ஃபிலிப்புக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அரசர் படை அனுப்பவில்லை.