ரெக்கவரி.கான்ஃப் இருந்தால் ஸ்டாண்ட்பை சர்வர் எழ மறுக்கிறது

கேள்வி:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 11-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாறுகிறோம். ஸ்டாண்ட்பை (முதன்மை சர்வரான பிரைமரியைப் பின்தொடரும் நகல் சர்வர்) அமைக்கும் எங்கள் பழைய ஸ்கிரிப்ட், அதற்கான செட்டிங்குகளை ரெக்கவரி.கான்ஃப் கோப்பில் எழுதிவிட்டு சர்வரைக் கிளப்பும். இப்போது அந்தக் கோப்பைக் கண்டாலே சர்வர் நின்றுவிடுகிறது. அதிலுள்ள வரிகளை போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் என்ற பொது செட்டிங் கோப்புக்கு மாற்றினால் போதுமா?

பதில் 1:
போதாது, ஆபத்தும்கூட. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்தே இப்படித்தான். டேட்டா டைரக்டரியில் ஸ்டாண்ட்பை.சிக்னல் என்ற வெற்றுக் கோப்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிரைமரி_கான்இன்ஃபோ (பிரைமரியின் இணைப்பு முகவரி) சரியாக இருந்தாலும் சர்வர் தனி பிரைமரியாக எழுந்து, தரவு எழுதும் கோரிக்கைகளை ஏற்கத் தொடங்கிவிடும். ஸ்டாண்ட்பை_மோட் வரியை நீக்கிவிடுங்கள். அறியாத செட்டிங் என்று சர்வர் மறுக்கும்.

கேட்டவர்:
நன்றி, எழுந்துவிட்டது. ஸ்டாண்ட்பையை பிரைமரியாக்க உதவிய டிரிக்கர்_ஃபைல் வரியை என்ன செய்வது? ஒழுங்காக ஓடியதை ஏன் மாற்றினார்கள்?

பதில் 2:
டிரிக்கர்_ஃபைல் 12-இல் பெயர் மாறியது, 16-இல் அடியோடு போய்விட்டது. பிஜி_ப்ரமோட் ஃபங்ஷனை அழையுங்கள்.

மாற்றம் வந்ததே நல்லது என்பேன். 'நான் ஸ்டாண்ட்பை' என்பது சர்வரின் அப்போதைய நிலை. பிரைமரி எங்கே இருக்கிறது என்பது செட்டிங். இரண்டும் ஒரே கோப்பில் கிடந்ததால், ப்ரமோட் ஆனதும் (ஸ்டாண்ட்பை பிரைமரியானதும்) கோப்பின் பெயரே ரெக்கவரி.டன் என்று மாறி, செட்டிங்கும் அதோடு ஒதுங்கிவிடும். இப்போது சிக்னல் கோப்பு மட்டும் மறைகிறது. பிரைமரியாக ஓடும் சர்வர் பிரைமரி_கான்இன்ஃபோவைப் பார்ப்பதே இல்லை என்பதால், அதை இரு சர்வர்களிலும் எழுதிவைக்கலாம். நள்ளிரவில் பிரைமரி விழுந்து, பாத்திரங்களை மாற்ற வேண்டியிருக்கும்போது இதன் அருமை தெரியும். 13 முதல் அந்த முகவரியை மாற்ற ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம். சர்வரை நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப்பை -ஆர் (பெரிய எழுத்து) கொடுத்து ஓட்டினால், இணைப்பு விவரம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பில் போய் உட்காரும். நீங்கள் கையால் எழுதியதைவிட அதற்கே முன்னுரிமை. முகவரியை எத்தனை முறை திருத்தினாலும் சர்வர் பழைய இடத்தையே தட்டுகிறது என்றால் அங்கே பாருங்கள்.

பதில் 3:
எதுவரை மீட்பது என்று சொல்லும் ரெக்கவரி_டார்கெட் வரிகளையும் கவனிக்க வேண்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு நேரம், எல்எஸ்என் (மாற்றப் பதிவில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்) என்று இரண்டு இலக்கு கொடுத்தால் கடைசியாக வந்தது செல்லும். 12 முதல் அது பிழை. பழைய மீட்பில் எழுதிய நேரம் ஆட்டோ.கான்ஃபில் மிஞ்சியிருந்தால், அடுத்த முறை எல்எஸ்என் கொடுத்து மீட்கப் போகையில் சர்வர் எழாது. மீட்பு முடிந்த கையோடு அந்த வரியை ஆல்டர் சிஸ்டம் ரீசெட் என்ற கட்டளை மூலம் அழித்துவிடுங்கள்.