தேய்பட்டம்: தலைமுறைக்கு ஒரு படி இறங்கும் சீன இளவரசுப் பட்டத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சிங் வம்சத்தில் இளவரசுப் பட்டம் தலைமுறைக்கு ஒரு படி இறங்கும். இந்த வழக்கத்துக்கு ‘படிநிலை இறக்க மரபுரிமை’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. பொருள் சரிதான், ஆனால் ஒரே பத்தியில் இரண்டு தடவை வந்தால் மூச்சு முட்டும். தவிர, ‘மரபுரிமை’யைப் பண்பாட்டுச் செல்வங்களுக்கும் இப்போது பரவலாகப் பயன்படுத்துகிறோம். ‘தேய்பட்டம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. தேய்பிறை போல வினைத்தொகை. தேய்ந்த, தேய்கிற, தேயும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

ஒரு குடும்பத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 1766-இல் பிறந்த யோங்லின், சியென்லோங் பேரரசரின் பதினேழாவது, கடைசி மகன். அடுத்த பேரரசர் ஜியாசிங் இவருக்கு ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன். “அரியணை மழையாகக் கொட்டினாலும் என் தலையில் ஒரு துளி விழாது, ஹேஷெனின் மாளிகை கிடைத்தால் போதும்” என்று யோங்லின் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1799-இல் தந்தை இறந்ததும், ஊழலில் பெரும் செல்வம் சேர்த்த அமைச்சர் ஹேஷெனைத் தற்கொலை செய்துகொள்ளும்படி அண்ணன் ஆணையிட்டார். பெய்ஜிங்கில் இருந்த அந்த மாளிகை தம்பிக்கு வந்தது. ஆனால் முழுவதும் வரவில்லை. ஹேஷெனின் மருமகள் 1823-இல் இறக்கும்வரை ஒரு பகுதியில் வாழ்ந்தார். அவர் வேறு யாருமில்லை, யோங்லினுக்கு வேறு தாய் வயிற்றுத் தங்கை!

யோங்லின் இரண்டாம்நிலை இளவரசராகவே இருந்தார். 1820-இல் சாகும் தறுவாயில்தான் முதல்நிலை கிடைத்தது. மகனுக்கு மறுபடி இரண்டாம்நிலை. அப்புறம் வாரிசுகள் பெற்ற தண்டனைகளும் சேர்ந்து, 1850-இல் பேரன் யிகுவாங் கைக்கு வந்தபோது பன்னிரண்டு படிகளில் பத்தாவது படிதான் மிஞ்சியிருந்தது. இங்கே ஒரு கவனம் வேண்டும். விதிப்படி இறங்குவது மட்டுமே தேய்பட்டம். தண்டனையால் இறங்குவதைப் ‘பட்டக்குறைப்பு’ என்று தனியே சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்தால் இந்தக் குடும்பத்தின் கதையே புரியாது.

யிகுவாங் அரசவைச் சேவையால் ஏறியவர். 1884-இல் இரண்டாம்நிலை, 1894-இல் முதல்நிலை, 1908-இல் என்றைக்கும் குறையாத பட்டம். சீனர்கள் இதை ‘இரும்புத்தொப்பி’ என்பார்கள். அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, கலைச்சொல்லாகத் ‘தேயாப்பட்டம்’ என்று எழுதலாம். 1911-இல் அவர் முதல் பிரதமரும் ஆனார். அடுத்த ஆண்டே முடியாட்சி போய்விட்டது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தேய்பட்டம் சுழியம்வரை போவதில்லை. முதல்நிலை இளவரசரின் வழியில் அது ஐந்தாம் படியோடு நின்றுவிடும். அந்த இடத்துக்குத் ‘தேய்வெல்லை’ என்று வைக்கலாமா? புணர்ச்சி சரிதானா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.