காருக்குள்ள படிஞ்ச பெயின்ட் தூசி: தின்னரைத் தூக்குறதுக்கு முன்னாடி

(இலங்கை மலையகத்துல நாலு பேர் எழுதிக்கிட்டது, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊர்ப் பேர்ல.)

ஹட்டன்:

போன ஜூலை. வலது கதவு ஒரு லொறியில உரசி, டிங்கரிங் முடிஞ்சு பெயின்டுக்குக் கொடுத்திருந்தேன். ஜூலையில ஹட்டன் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். மழை விடல. பாஸ், அதான் பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி, வண்டியைத் தகரக் கொட்டிலுக்குள்ள ஏத்தி, மழைக்குப் படங்குத் துணியை இறக்கிவிட்டு ஸ்ப்ரே அடிச்சிருக்கார். கதவு தொறந்தபடி. உள்ளுக்கு மறைப்புன்னு இருந்தது ரெண்டே ரெண்டு பேப்பர் தாள்.

சாயங்காலம் போனப்ப கதவு பளபளன்னு இருந்துச்சு, காசைக் கொடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில டேஷ்போர்டைத் தடவினா கையில நறநறங்குது, உப்பைத் தூவி வச்ச மாதிரி. வெள்ளை பெயின்ட், கறுப்பு டேஷ்போர்ட். டோர்ச் அடிச்சுப் பார்த்தேன். ஸ்டியரிங், மீட்டர், சீட், பெல்ட், ஒண்ணும் மிச்சமில்ல.

இனி என் முட்டாள்தனம். பெயின்டைக் கரைக்கிறது தின்னர்தானே, துடைச்சாப் போயிரும்னு நெனச்சேன். பழைய பெனியன் துணியை நனைச்சு மீட்டர் மேல ஒரே இழுப்பு. கண்ணாடின்னு சொல்றோமே தவிர அது பிளாஸ்டிக். அஞ்சு செக்கன்ல பால் ஊத்தின மாதிரி வெளுத்து, சிலந்தி வலை போல வெடிப்பு ஓடிருச்சு. டேஷ்போர்ட் மூலையிலயும் ஒரு தடவை தொட்டேன். துணி கறுப்பாச்சு, அந்த இடம் பிசுபிசுத்து, காஞ்சதும் மொழுமொழுன்னு மினுங்குது. பெயின்ட் தூசி மட்டும் அசையாம அங்கேயே இருக்கு.

அதுக்குப் பிறகுதான் நிதானம் வந்துச்சு. மொதல்ல கார் ஷம்பூ கலந்த வெதுவெதுப்பான தண்ணி, மைக்ரோஃபைபர் துணி. சும்மா ஒக்காந்திருந்த தூசியெல்லாம் அதுலயே போயிருச்சு. ஒட்டிக்கிட்டதுக்கு பார்மசியில சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி, தண்ணி சரிபாதி கலந்து, டேஷ்போர்டுக்கு அடியில கண்ணுக்குப் படாத எடத்துல தடவி பத்து நிமிஷம் பார்த்தேன். நிறம் கழலல. அப்புறம் உள்ளங்கை அளவு எடமா எடுத்து, நனைச்ச துணியை ஒரு நிமிஷம் போட்டு வச்சு, தேஞ்ச டூத்பிரஷ்ஷால மெதுவாத் தேச்சு, உடனே ஈரத்துணியால ஒத்தி எடுத்தேன். துணியில கறுப்பு வந்தா அந்த நிமிஷமே நிறுத்திரணும். நாலு கதவும் தொறந்திருக்கணும், பக்கத்துல சிகரெட் கூடாது. மூணு சாயங்காலம் இதுலயே போச்சு. எங்க மிச்சம் இருக்குன்னு பார்க்க, கையில ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கை மாட்டிக்கிட்டுத் தடவுங்க. வெறும் விரலுக்குப் படாததும் அதுல படும்.

தலவாக்கலை, பெயின்ட் வேலை:

அண்ணே, பாஸ் மேல தப்பு இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா குளிருக்கும் பங்கு இருக்கு. வெயில் ஊர்ல துளி காத்துலயே காஞ்சு தூளா விழும், ஊதினாப் பறக்கும். நம்ம பக்கம் ஈரமாவே போய் ஒட்டுது. காத்து வெளியேற வழியில்லாமப் படங்கையும் இறக்கினா அது வேற எங்க போகும்?

இன்னொண்ணு, அடிச்சது என்ன பெயின்ட்னு கேட்டுக்கங்க. என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட், காஞ்ச பிறகும் தின்னருக்குக் கரையும். ரெண்டு பொருள் கலந்து அடிக்கிற 2கே அப்படி இல்ல. அதுல இறுக வைக்கிற ஹார்ட்னர் சேருது, இறுக ஆரம்பிச்சிட்டாலே தின்னர் பெயின்டை விட்டுட்டு உங்க பிளாஸ்டிக்கைத்தான் தின்னும். உங்களுக்கு நடந்தது அதுதான். ஆனா 2கே முழுசா இறுக 20 பாகை செல்சியஸ்லயே ஒரு வாரம் மட்டுல எடுக்கும், நம்ம குளிருக்கு இன்னும் கூட. அதனால கண்டவுடனே, அன்னைக்கே கை வைக்கணும். அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்குப் பார்ப்போம்னு விட்டா நகத்தால சுரண்டுற வேலையாயிரும்.

பண்டாரவளை:

கண்ணாடி ஒரு விஷயமே இல்ல. சோப்புத் தண்ணி நல்லா அடிச்சு, புது பிளேடை ஏறக்குறையப் படுக்க வச்சு ஒரே திசையில தள்ளினா உரிஞ்சு வரும். ஆனா சன் ஃபிலிம் ஒட்டுறது கண்ணாடியோட உள்பக்கம். அதை மறந்து பிளேடு வச்சுக் கிழிச்ச ஆள் நான்தான். பின் கண்ணாடியில ஓடுற ஹீட்டர் கோடும் உள்பக்கம்தான், அங்கேயும் பிளேடு வேணாம். கதவு ஓரத்துல, பெயின்ட் அடிச்ச தகரத்துல படிஞ்சதுக்கு க்ளே பார், களிமண் மாதிரி பிசையுற துண்டு, ஷம்பூ தண்ணியோட தேய்க்கணும். கீழ விழுந்த துண்டைத் திரும்ப எடுக்காதீங்க, மண் ஒட்டிக் கீறிரும்.

நுவரெலியா:

துணி சீட்டுன்னா நனைக்கவே வேணாம். நல்லாக் காய விட்டு, பிரஷ்ஷால உதிர்த்து, மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒட்டி உரிச்சேன், முக்கால்வாசி வந்துச்சு. பெல்ட்டுக்கு இளஞ்சூட்டு சோப்புத் தண்ணி மட்டும். போகலன்னா இருந்துட்டுப் போகட்டும். பெல்ட் நூலுல தின்னர் பட்டா பலம் போயிரலாம், ஏர்பேக் மூடியிலயும் அந்த வெளையாட்டு வேணாம்.

எங்க வீட்டம்மா தேங்காய் எண்ணெயைப் போடச் சொன்னாங்க. போத்தலைத் தொறந்தா கல்லு மாதிரி ஒறைஞ்சு கெடக்கு, அடுப்புப் பக்கத்துல வச்சு உருக்கி எடுத்தோம். பெயின்டைக் கரைக்காது. ஆனா பழைய ஃபோன் ரீலோட் கார்டு ஓரத்தால சுரண்டுறப்ப வழுக்கிக் கொடுக்கும், கீறல் விழல. பிறகு சோப்புத் தண்ணியால எண்ணெயைக் கழுவிரணும்.

ஹட்டன்:

தேங்காய் எண்ணெய் எனக்குத் தோணவே இல்ல, நன்றி. மீட்டர்தான் இன்னும் அப்படியே. பிளாஸ்டிக் பொலிஷ் ரெண்டு தரம் போட்டும் வெடிப்பு மாறல, ராத்திரியில 40ஆ 60ஆன்னு குனிஞ்சு பார்க்க வேண்டியிருக்கு. "மீட்டருக்குள்ளயும் பனி எறங்கிருச்சாப்பா"ன்னு மக கேக்குறா. என் கார் வேகன் ஆர், கண்டிப் பக்கம் அதுக்குப் பழைய மீட்டர் கவர் மட்டும் தனியாத் தர்ற கடை தெரிஞ்சா சொல்லுங்க. முழு மீட்டரையும் எடுக்கச் சொல்றாங்க.